எழுந்து போனவர்களும் இருந்து பார்த்தவர்களும்

2016 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 22 ஆம் திகதி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பார்க் சிட்டி என்னும் மலைநகரில், சண்டான்ஸ் திரைப்பட விழாவில் ஒரு படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் பெயர் 'சுவிஸ் ஆர்மி மேன்'. அரங்கு ஆயிரத்துக்கும் அதிகமான ஆசனங்களைக் கொண்ட எக்கிள்ஸ். எட்டுத் திரைப்படங்களில் ஹரி பொட்டராக வளர்ந்து உலகெங்கும் அறியப்பட்ட டானியல் ரட்கிளிஃப் இதில் ஒரு பிரேதமாக நடித்திருந்தார். படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே பார்வையாளர்கள் எழுந்து வெளியேறத் தொடங்கினர். அன்றிரவே செய்தி உலகைச் சுற்றியது. ரட்கிளிஃப் பிணமாகக் கிடந்து வாயு விடுகிறார், சகிக்காத பார்வையாளர்கள் வெளிநடப்புச் செய்தனர் என்பதே செய்தியின் சாரம்.

பத்திரிகை அலுவலகத்தில் இரவுக் கடமை செய்த எவருக்கும் இத்தகைய செய்தியின் பெறுமதி தெரியும். யுத்தம், தேர்தல், பொருளாதார நெருக்கடி என்று கனத்துக் கிடக்கும் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடிமூலையில் ஒரு சிறிய பெட்டிக்குள் இடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. புகழ்பெற்ற ஒரு பெயர், ஒரு பிணம், ஓர் அருவருப்பு, ஒரு வெளிநடப்பு. நான்கும் ஒரே வரியில் அமைந்துவிட்டன. உப ஆசிரியரின் பேனாவுக்கு வேலையே இல்லை. அந்தச் செய்தியில் பொய் எதுவும் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தில் பிணம் இருக்கிறது. அது வாயு விடுகிறது. பார்வையாளர்கள் எழுந்து போனார்கள். ஆனால் அந்த அரங்கில் எழுந்து போனவர்களைக் காட்டிலும் இறுதிவரை இருந்தவர்களே அதிகம். இருந்தவர்கள் செய்தியாவதில்லை. தொழிலின் இலக்கணமே அப்படித்தான். பஸ் தரிப்பிடத்தில் ஒழுங்காக வரிசையில் நின்றவர்களைப் பற்றி எவரும் செய்தி எழுதுவதில்லை.

அந்த ஒற்றை வரி இப்படத்தை விட்டு அதன் பின்னர் அகலவே இல்லை. 2016 ஜூன் மாத இறுதியில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோதும், பின்னர் இணையத்தில் காணக் கிடைத்தபோதும், 'அந்த வாயு விடும் பிணத்தின் படம்' என்றே அறிமுகமாயிற்று. நானும் அந்தப் பெயரிலேதான் அதை அறிந்திருந்தேன். ரொறொன்ரோவில் வசிக்கும் என் சகோதரியின் மகன் தொலைபேசியில், "மாமா, தலைப்பை மட்டும் வாசிச்சிட்டு விட்டிடாதேங்கோ. கடைசி மட்டும் இருந்து பாருங்கோ" என்று வற்புறுத்தியதன் பேரில்தான் பார்த்தேன்.

இதைத் தமிழில் எழுத உட்காரும்போது முதலில் எதிர்ப்படுவது மொழிச் சிக்கல். நம் இலக்கண ஆசிரியர்கள் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொன்னார்கள். சபையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். மூன்றாவதான குழூஉக்குறி நமக்கு இங்கு வேண்டியதில்லை. மலங்கழித்தலைக் 'கால் கழுவி வந்தான்' என்று சொல்வதை முதலாவதற்குப் பள்ளிக்கூடத்தில் உதாரணமாகக் காட்டினார்கள். இரண்டாவதற்கு நம் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கமே போதிய உதாரணம். அங்கு எவரும் சாவதில்லை. காலமாகிறார்கள், இறைபதம் எய்துகிறார்கள், இயற்கையுடன் கலக்கிறார்கள். வாயு விடும் பிணம் என்ற மூன்றே சொற்களில் இப்படம் இடக்கரடக்கலையும் மங்கலத்தையும் ஒருங்கே உடைத்துவிடுகிறது. பேச்சு வழக்கில் உள்ள சொல்லை நான் இங்கு எழுதப் போவதில்லை. சித்த மருத்துவர்கள் 'அபான வாயு' என்பார்கள். அதைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். இப்படி நான் ஒரு சொல்லைத் தேடி மறைந்து நிற்பதும் படம் பேசும் விடயத்துக்கு வெளியே உள்ள ஒன்றல்ல என்பது போகப் போகத் தெரியவரும்.

ஹாங்க் என்ற இளைஞன் ஆளற்ற ஒரு சிறு தீவில் தனித்துக் கிடக்கிறான். போல் டானோ இப்பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். உதவி வராது என்று முடிவு செய்து கழுத்தில் கயிற்றை மாட்டிக்கொள்கிறான். அவ்வேளையில் கரையில் ஓர் உடல் ஒதுங்குகிறது. உயிர் இருக்கக்கூடும் என்று ஓடுகிறான். உயிர் இல்லை. ஆனால் உடலிலிருந்து வாயு வெளியேறுகிறது. நிற்காமல் வெளியேறுகிறது. அதன் விசையில் உடல் நீரில் நகரத் தொடங்குவதைக் கண்டதும் ஹாங்க் அதன்மேல் ஏறிக்கொள்கிறான். இயந்திரப் படகில் செல்வதைப் போல அலைகளைக் கிழித்துக்கொண்டு கடலைக் கடக்கிறான். படத்தின் பெயர் திரையில் தோன்றுவது இந்தப் பயணத்தின் நடுவேதான். பார்க் சிட்டியில் பலர் எழுந்து போனதும் இந்தத் தொடக்கப் பகுதியைப் பார்த்துவிட்டே.

எழுந்து போனவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவ்வளவும் ஏழெட்டு நிமிடங்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. தற்கொலை முயற்சியையும் அபான வாயுவையும் ஒரே மூச்சில் காட்டினால் எந்த முகத்துடன் பார்ப்பது என்று பார்வையாளருக்கு விளங்காது. சிரிப்பதா, முகம் சுளிப்பதா, அழுவதா? படத்தின் நெறியாளர்கள் இருவர். டானியல் குவான், டானியல் ஷைனர்ட். பொஸ்டன் நகரின் எமர்சன் கல்லூரியில் சந்தித்து நண்பர்களானவர்கள். 'டானியல்ஸ்' என்று ஒரே பெயரில் இயங்குபவர்கள். அதற்கு முன்னர் இசைக் காணொளிகளால் அறியப்பட்டவர்கள். 2014 இல் அவர்கள் நெறிப்படுத்திய ஒரு நடனக் காணொளி உலகெங்கும் பெரும் எண்ணிக்கையில் பார்க்கப்பட்டது. முதல் வாயு சிரிக்க வைக்க வேண்டும், கடைசி வாயு அழ வைக்க வேண்டும் என்பதே இப்படத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. கேட்பதற்கு விடுதி மாணவர்களின் பந்தயம் போல இருக்கும். படத்தின் நிறைவும் குறைவும் அந்தப் பந்தயத்திலேதான் அடங்கியிருக்கின்றன.

கரையேறிய பின்னர் ஹாங்க் பிரேதத்தை விட்டுப் போக மனமின்றித் தோளில் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடக்கிறான். மழைநீர் நிறைந்த அதன் வாயிலிருந்து குடிநீர் கிடைக்கிறது. அதன் கை கோடரி போல மரத்தைப் பிளக்கிறது. பல்லால் முகச்சவரம் செய்யலாம். விரல்களைச் சொடுக்கினால் தீப்பொறி எழுகிறது. கத்தி, கத்தரிக்கோல், திருகாணி முடுக்கி எல்லாம் ஒன்றுக்குள் மடிந்திருக்கும் சுவிஸ் இராணுவக் கத்தியைப் போல இந்தப் பிணம் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. பெயரின் காரணம் அதுதான். பின்னர் பிணம் பேசவும் தொடங்குகிறது. மெனி என்பது அதன் பெயர். அதற்கு எதுவுமே நினைவில்லை. வாழ்க்கை என்றால் என்ன, வீடு என்றால் என்ன, காதல் என்றால் என்ன என்று ஒரு குழந்தையைப் போலக் கேட்கிறது.

பிணத்தைத் தோளில் சுமந்து காட்டுவழி நடக்கும் ஒருவன், வழிநெடுகக் கேள்வி கேட்கும் பிணம் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். 'அம்புலிமாமா'வில் மாதந்தோறும் சங்கரின் சித்திரத்துடன் வந்த விக்கிரமாதித்தன், வேதாளம் கதைகளில் வளர்ந்த தலைமுறை எங்களுடையது. நெறியாளர்கள் வேதாளத்தை அறிந்திருந்தார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒப்பீட்டை நான் நீட்டவும் விரும்பவில்லை. ஒரு வேறுபாடு மாத்திரம் சுவையானது. வேதாளம் விடை தெரிந்துகொண்டே கேட்கும். மெனிக்கு விடை தெரியாது. அதனால் அவனுக்கு வெட்கமும் தெரியாது. "எல்லோரும் செய்கிற ஒன்றை ஏன் எல்லோரும் மறைக்கிறார்கள்?" என்ற பொருளில் அவன் கேட்கும்போது, பதில் சொல்ல வேண்டிய ஹாங்க் தடுமாறிப் போகிறான்.

இங்கிருந்துதான் படம் தன் உண்மையான விடயத்துக்குள் நுழைகிறது. ஹாங்க் யார் முன்னிலையிலும் அபான வாயுவை விடாதவன். மறைவிடம் தேடிப் போய்விடுவான். அதைப் போலவே தன் துக்கத்தையும், ஆசையையும், தாயை இழந்த வேதனையையும் தந்தையுடனான இடைவெளியையும் மறைத்து மறைத்தே வாழ்ந்தவன். பஸ்ஸில் நாளாந்தம் பார்க்கும் சேரா என்ற பெண்ணுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளறியாமல் எடுத்த ஒரு படம் மாத்திரம் அவனது கைத்தொலைபேசியில் இருக்கிறது. காட்டில் கிடக்கும் குப்பைகளையும் தடிகளையும் கொண்டு அவன் ஒரு பஸ் கட்டுகிறான். தானே சேராவாக வேடமிட்டு, ஒரு பெண்ணுடன் பேசுவது எப்படி என்று மெனிக்குக் கற்பிக்கிறான். தான் வாழ்க்கையில் ஒருபோதும் செய்யாததைப் பிணத்துக்குக் கற்பிக்கிறான்! அந்தக் காட்சிகளில் இசைக்கருவி பெரும்பாலும் இல்லை. மான்செஸ்டர் ஒகெஸ்ட்ரா என்ற இசைக்குழுவைச் சேர்ந்த அண்டி ஹல், ரொபட் மக்டவல் இருவரும் மனிதக் குரல்களை அடுக்கியே பின்னணி இசையை அமைத்திருக்கிறார்கள். நடிகர்கள் இருவருடைய குரல்களும் அவற்றுள் உண்டு. தனிமையில் இருப்பவன் தனக்குத் தானே முனகும் பாட்டு மெல்ல மெல்லப் பெரிதாகிக் காடெங்கும் நிறைவதைப் போன்ற ஓர் உணர்வு. இவ்வாண்டுகளில் நான் கேட்ட திரையிசையில் மனதில் தங்கியவற்றுள் இது ஒன்று.

படம் பார்க்கும்போது எனக்கு ஒரு நண்பரின் நினைவு வந்துகொண்டே இருந்தது. அவர் அச்சுக்கோத்த காலத்திலிருந்தே ஒப்புநோக்குநராகப் பணியாற்றியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணில் படாமல் ஒரு ஒற்றெழுத்துத் தப்பிப்போக முடியாது. மாலையில் தேநீர்க் கடையில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் குடலில் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சை செய்து, வயிற்றின் பக்கவாட்டில் ஒரு துவாரமிட்டுப் பை பொருத்தினார்கள். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் அந்தத் துவாரத்துக்கு நம் சித்தத்துக்குக் கட்டுப்பட்ட தசை கிடையாது. வாயு தான் விரும்பிய நேரத்தில் ஓசையுடன் வெளியேறும். தடுக்க வழியில்லை. அதன் பின்னர் அவர் தேநீர்க் கடைக்கு வரவில்லை. கலியாண வீடுகளுக்குப் போகவில்லை. நூல் வெளியீட்டு விழாக்களில் முதல் வரிசையில் அமர்ந்திருந்தவர் அழைப்பிதழ் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனால் வானொலி பெருஞ்சத்தத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பேச்சுக் கேட்கவில்லை என்று நான் எழுந்து அதன் பக்கம் போனபோது, "றேடியோவை நிப்பாட்டாதையும் தம்பி, அது பாடட்டும்" என்றார். எதற்காக அது பாட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இடக்கரடக்கல் எங்கள் இருவரையும் அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தது. 2011 ஆம் ஆண்டு அவர் காலமானார். கடைசி ஐந்து ஆண்டுகளில் அவரைச் சென்று பார்த்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். புற்றுநோயிலிருந்து தப்பிய அந்த மனிதர் ஓர் ஓசைக்குப் பயந்து ஒளிந்திருந்தார்.

ஆகையால் இப்படத்தை அருவருப்பான நகைச்சுவை என்று ஒதுக்கிவைக்க என்னால் முடியவில்லை. உடல் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம் எவ்வளவு தூரம் ஒரு மனிதனைத் தீவாக்கும் என்பதை இவ்வளவு நேராகப் பேசிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

இனி, விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு வருவோம். வெளிநடப்புச் செய்திகள் ஓய்வதற்குள், அதே சண்டான்ஸ் விழாவின் நிறைவில் அமெரிக்கக் கதைப்படங்களுக்கான சிறந்த நெறியாள்கை விருது டானியல்ஸ் இருவருக்கும் கிடைத்தது. இந்தச் செய்தி முன்னையதைப் போல உலகைச் சுற்றவில்லை. அவ்விழாவின் பெருவிருதையும் பார்வையாளர் விருதையும் பெற்ற படம் 'த பேர்த் ஒஃப் எ நேஷன்'. அதற்கு மக்கள் எழுந்து நின்று கரவொலி எழுப்பினார்கள். 17.5 மில்லியன் டொலருக்கு அதன் வெளியீட்டு உரிமை விற்கப்பட்டது. அன்றுவரை சண்டான்ஸ் கண்டிராத தொகை அது. அவ்வாண்டு ஒக்டோபரில் திரைக்கு வந்தபோது, நெறியாளரைச் சூழ்ந்த ஒரு பழைய வழக்கு, நீதிமன்றம் அவரை விடுவித்த வழக்கு, மீண்டும் செய்தியாகியிருந்தது. படத்தின் வட அமெரிக்க வசூல் உரிமைக்குக் கொடுத்த தொகையையே எட்டவில்லை. ஒரே வாரத்தில், ஒரே நகரில், ஒரு படத்துக்கு மக்கள் கைதட்ட எழுந்தார்கள், மற்றொன்றுக்கு வெளியேற எழுந்தார்கள். விழா அரங்கின் வெப்பநிலையை வைத்து எதிர்காலத்தை எதிர்வுகூறுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த ஜனவரி மாதம் போதும்.

'சுவிஸ் ஆர்மி மேன்' படத்தை ஏ24 நிறுவனம் வெளியிட்டது. சுமார் 30 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவில் 40 இலட்சம் டொலரைச் சற்றே தாண்டி வசூலித்தது. அதில் திரையரங்குகளின் பங்கும் உண்டு என்பதால் இதை வெற்றி என்று சொல்வதற்கில்லை. விமர்சனங்களைத் திரட்டும் இணையத்தளங்களின் கணக்கில் ஏறக்குறைய பத்தில் ஏழு விமர்சனங்கள் சாதகமானவை. ஆனால் இத்தகைய சராசரி, படம் எவ்வாறு வரவேற்கப்பட்டது என்பதை மறைத்துவிடும். எல்லோரும் ஓரளவு விரும்பிய படத்துக்கும் எழுபது. சிலர் தலையில் வைத்துக் கொண்டாடிச் சிலர் தூக்கி எறிந்த படத்துக்கும் எழுபது. இது இரண்டாம் வகை. புதுமையானது, துணிச்சலானது, எதிர்பாராத வகையில் நெஞ்சைத் தொடுவது என்றார்கள் ஒரு சாரார். ஐந்து நிமிடக் காணொளிக்கு மாத்திரம் தாங்கக்கூடிய ஒரு வேடிக்கையை ஒன்றரை மணித்தியாலத்துக்கு இழுத்திருக்கிறார்கள், சிறுபிள்ளைத்தனத்துக்குத் தத்துவ முலாம் பூசியிருக்கிறார்கள் என்றார்கள் மறுசாரார். ரட்கிளிஃப்பின் நடிப்பைப் பற்றி மாத்திரம் இரு தரப்பிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அசைவற்ற முகமும் ஒருக்களித்த பார்வையும் தொங்கும் கழுத்துமாக இருந்துகொண்டு இரக்கத்தையும் சிரிப்பையும் வரவழைப்பது சாமானிய காரியமல்ல. படப்பிடிப்புக்கு அவரது உருவில் செய்த பொம்மையும் இருந்தது. எனினும் பொம்மை எங்கே முடிந்து மனிதன் எங்கே தொடங்குகிறான் என்று என்னால் பல இடங்களில் பிரித்தறிய முடியவில்லை.

எதிர்த்து எழுதியவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று வலுவானது. சேரா இப்படத்தின் பெரும் பகுதியில் ஒரு புகைப்படமாகவே இருக்கிறாள். அவளறியாமல் எடுத்த படம். இரு ஆண்கள், அவர்களுள் ஒருவன் பிணம், அவளைப் பற்றிக் கற்பனை செய்துகொண்டே இருக்கிறார்கள். அவளுக்கென்று ஒரு மனமும் வாழ்க்கையும் உண்டு என்பது கடைசியில்தான் தெரிகிறது. நெறியாளர்கள் இதை உணராமல் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. காட்டிலிருந்து இருவரும் வெளிப்படுமிடம் சேராவின் வீட்டுப் பின்முற்றம். அவளுக்குக் கணவன் இருக்கிறான், சிறு பெண்பிள்ளை இருக்கிறாள். இவ்வளவு நாளும் ஹாங்க் நாகரிகத்திலிருந்து தொலைந்து போயிருக்கவில்லை, அந்த வீட்டுக்கு எட்டிய தூரத்திலேயே குடிசையும் பஸ்ஸும் கட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கிறான் என்பது அவளுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் தெரியவருகிறது. அவளது முகத்தில் தோன்றும் அச்சத்தைப் படம் மறைக்கவில்லை. அதுவரை நாம் இரக்கத்துடன் பார்த்தவனை அவளது கண்ணால் பார்க்கும்போது உடல் சில்லிடுகிறது. ஆனால் அந்தப் பார்வையை இன்னும் பத்து நிமிடமாவது தங்கவிட்டிருக்க வேண்டும். அவசரமாக முடிவை நோக்கி ஓடிவிட்டார்கள். நடுப்பகுதியிலும் ஓர் அரைமணி நேரம் ஒரே வட்டத்தில் சுழல்கிறது. இவ்விரண்டும் என் மனக்குறைகள்.

அந்த முடிவுக் காட்சியில் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிணம் அகப்பட்ட செய்தி அறிந்து பொலிஸார் வருகிறார்கள். தொலைக்காட்சிக் கமராவுடன் செய்தியாளரும் வந்துவிடுகிறார். ஹாங்க்கின் தந்தையும் அங்கு நிற்கிறார். பிரேதத்தை அடையாளந்தெரியாத உடலாகக் கொண்டுபோய்விடுவார்கள் என்று அஞ்சிய ஹாங்க் அதைத் தூக்கிக்கொண்டு மீண்டும் காட்டினூடாகக் கடற்கரைக்கு ஓடுகிறான். எல்லோரும் பின்தொடர்கிறார்கள். அங்கு, அத்தனை பேருக்கும் நடுவே, கமராவுக்கும் முன்னால், அவன் வாழ்நாளில் முதன்முறையாக மறைக்காமல் ஒன்றைச் செய்கிறான். என்ன செய்கிறான் என்பதை ஊகித்திருப்பீர்கள். செய்தது தானே என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். அதைத் தொடர்ந்து மெனியின் உடலும் பதில் சொல்கிறது. புன்னகை பூத்த முகத்துடன் அந்த உடல் தன்னந்தனியாகக் கடலில் விரைந்து மறைகிறது. செய்தியாளரின் கமரா அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அன்றிரவு அந்தத் தொலைக்காட்சியில் என்ன தலைப்பு இட்டிருப்பார்கள்? எனக்கு நன்றாகவே ஊகிக்க முடிகிறது. பார்க் சிட்டியிலிருந்து வந்த அதே தலைப்பைத்தான். படம் தன்னைப் பற்றி எழுதப்படப் போகும் செய்தியையே தன் கடைசிக் காட்சியில் வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நெறியாளர்கள் அப்படி நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, ஒரு செய்தியாளனுக்கு அப்படித்தான் தெரியும்.

வெளிநடப்புக்கு ஆளாகிப் பின்னர் ஏற்கப்பட்ட படங்களுக்குப் பழைய வரலாறு உண்டு. 1960 இல் கான் திரைப்பட விழாவில் மிக்கலாஞ்சலோ அன்டோனியோனியின் 'லவென்ச்சுரா' கூக்குரலாலும் ஏளனச் சிரிப்பாலும் வரவேற்கப்பட்டது. அதே விழாவில் நடுவர் விருதும் அதற்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1962 இல், 'சைட் அண்ட் சவுண்ட்' சஞ்சிகை விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் உலகின் தலைசிறந்த படங்களுள் இரண்டாமிடத்தைப் பெற்றது. ஆனால் இதை ஒரு விதியாக்கிவிடக் கூடாது. விழாக்களில் மக்கள் எழுந்து போன படங்களுள் பெரும்பாலானவை எழுந்து போகத்தக்கவையாகவே இருந்திருக்கும். பின்னர் பெயர் பெற்றவற்றை மாத்திரம் நாம் நினைவில் வைத்திருக்கிறோம்.

டானியல்ஸ் இருவரும் அடுத்து இணைந்து நெறிப்படுத்திய திரைப்படம் ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2022 மார்ச் மாதத்தில் வந்தது. 'எவ்ரிதிங் எவ்ரிவெயார் ஒல் அட் வன்ஸ்'. சலவைக்கடை நடத்தும் சீனக் குடியேறியான ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் கதை. வெளியிட்டது அதே ஏ24. ஒளிப்பதிவு அதே லார்கின் சீப்பிள். அதே அபத்தம், அதே கூச்சமற்ற உடல் நகைச்சுவை, அதற்கு அடியில் அதே துக்கம். 2023 மார்ச் 12 ஆம் திகதி நடைபெற்ற ஒஸ்கார் விழாவில் 11 பரிந்துரைகளுடன் போய், சிறந்த படம், சிறந்த நெறியாள்கை, மூலத் திரைக்கதை உட்பட 7 விருதுகளுடன் திரும்பினார்கள். மிஷேல் யோ சிறந்த நடிகையானார். உலக வசூல் 100 மில்லியன் டொலரைத் தாண்டியது. அந்தப் படத்தில் மனிதர்களுக்கு விரல்களுக்குப் பதிலாகத் தொத்திறைச்சி தொங்கும் ஓர் உலகம் வருகிறது. யாரும் எழுந்து போனதாகச் செய்தி இல்லை. மக்கள் அதைப் பார்த்து அழுதார்கள்.

ஏழு ஆண்டுகளுக்குள் என்ன மாறிற்று? நெறியாளர்களின் கைத்திறன் வளர்ந்தது என்பது உண்மை. இரண்டாவது படம் எல்லா வகையிலும் நிறைவானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கு ஒரு தாய், ஒரு மகள், ஒரு வரிக் கந்தோர் என்று கால் ஊன்றி நிற்க ஓர் இடம் பார்வையாளருக்குக் கிடைத்தது. முதற்படம் அப்படி எதையும் தரவில்லை. ஒரு பிணத்தையும் ஓர் ஓசையையும் தந்துவிட்டு, இதிலிருந்து நீயே ஏறி வா என்றது. ஒஸ்கார் இரவுக்குப் பின்னர் பலர் தேடிப்போய்ப் பழைய படத்தைப் பார்த்தார்கள், புதிதாக எழுதினார்கள். அவர்களுள் சிலர் இரண்டாவது படத்தைவிட முதலாவதே தமக்கு நெருக்கமானது என்றும் எழுதினார்கள். நானும் அந்தச் சிலரின் பக்கமே. அதற்குக் காரணம் கலை சார்ந்ததா, அந்த ஒப்புநோக்குநரின் வானொலியா என்று கேட்டால், இரண்டையும் என்னால் பிரிக்க இயலாது.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. படம் 97 நிமிடங்கள். அமெரிக்காவில் இதற்கு 'ஆர்' தரச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அதாவது பதினேழு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்க முடியாது. ஆபாசமான பேச்சும் நான் இங்கு எழுதாமல் விட்ட சில காட்சிகளும் உண்டு. பிள்ளைகளுடனோ, மாமன் மாமியுடனோ அமர்ந்து பார்க்கத்தக்கதல்ல. தொடக்கத்தில் வரும் தற்கொலைக் காட்சி அத்தகைய இழப்பைச் சந்தித்தவர்களுக்கு வேதனை தரலாம். மற்றவர்கள் முதல் பத்து நிமிடங்களில் எழுந்துவிடாமல் இருந்து பாருங்கள். அதன் பின்னரும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.